நுனி ஒடித்த வெண்டைக்காய்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருப்பதாக என் மனைவி சொல்வாள். அது தவறு. என் கோபம் வெண்டைக்காய் நுனியில் இருந்தது.

கொச்சியில், மட்டாஞ்சேரிப் பக்கம் கொச்சங்காடியில் நான் காய்கறிக் கடை போட்டு இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. மட்டாஞ்சேரியில் தமிழ் பேசிக் கடை வைத்திருப்பவன் எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் அண்ணாச்சிதான். நான் தென்காசிப் பக்கத்துக்காரன், ஆகவே அந்தப் பட்டத்தில் எனக்குக் குறையில்லை. குறை வேறு இடத்தில் இருந்தது. கடைக்கு வரும் பெண்கள் வெண்டைக்காயைக் கையில் எடுத்ததும் கட்டைவிரலால் அதன் நுனியை மடக்குவார்கள். டக்கென்று ஒடிந்தால் பிஞ்சு, பைக்குள் போகும். வளைந்து கொடுத்தால் முற்றல், குவியலுக்கே திரும்பி வரும். ஒடித்ததையாவது எல்லாம் வாங்குவார்களா என்றால் அதுவும் இல்லை. பத்தை ஒடித்து ஆறை எடுப்பார்கள். மிச்சம் நாலும் மத்தியானத்துக்குள் நுனி கறுத்து, அடுத்து வருகிறவர் கண்ணுக்கு நேற்றைய சரக்காகத் தெரியும். நான் கத்துவேன். "ஒடிக்காதே" என்று மலையாளத்தில் பலகை எழுதி மாட்டினேன். பலகையைப் படித்துக்கொண்டே ஒடித்தார்கள்.

அவர்களில் முதல் எதிரி பக்கத்துச் சந்தில் இருந்த டீச்சர். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், எழுபதை நெருங்கியவர். கணவர் இல்லை, பிள்ளைகள் வளைகுடாவில். சர்க்கரை வியாதிக்கு நல்லதென்று வாரத்தில் நாலு நாள் வெண்டைக்காய் வாங்குவார். பரீட்சைப் பேப்பர் திருத்துவது போல ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்ப்பார். எனக்காக அவர் மலையாளத்தில் கொஞ்சம் தமிழைக் கலப்பார், அவருக்காக நான் தமிழில் கொஞ்சம் மலையாளத்தைக் கலப்பேன். இப்படிக் கலந்து கலந்து எங்கள் சண்டைக்கென்றே ஒரு பாஷை உண்டாகிவிட்டது.

நானும் யோக்கியன் இல்லை. ஒடித்துப் பார்க்கத் தெரியாத ஆண்கள் வந்தால், குழந்தையை அனுப்பியிருந்தால், ஒரு பிடிக்கு இரண்டு முற்றலைச் சேர்த்து நிறுத்துவேன். கேட்டால், முற்றலை வேறு யார் தலையில் கட்டுவது என்பேன். தொழிலில் எல்லாரும் செய்வதுதான் என்று மனசுக்கும் சமாதானம் சொல்லி வைத்திருந்தேன்.

கொரோனா வந்து ஊரை அடைத்தபோது எங்கள் மாதிரிக் கடைகளை மட்டும் காலையில் திறக்க விட்டார்கள். படகு ஓடவில்லை. சுக்கும் மிளகும் மணக்கும் கிட்டங்கிகள் பூட்டிக் கிடந்தன, தெருவே மணம் இழந்துபோயிருந்தது. போலீஸ்காரர் வந்து கடைக்கு முன்னால் கயிறு கட்டச் சொன்னார், சுண்ணாம்பால் வட்டங்கள் போடச் சொன்னார். வாங்க வருகிறவர் வட்டத்துக்குள் நிற்க வேண்டும், காயைத் தொடக் கூடாது, கடைக்காரரே எடுத்துத் தர வேண்டும். உலகமே நடுங்கிக்கொண்டிருந்த அந்த வாரத்தில் நான் உள்ளூரச் சந்தோஷப்பட்டேன். ஒப்புக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. சாயங்காலம் குவியலைப் பார்த்தால் ஒரு வெண்டைக்காய்க்கும் நுனி போகவில்லை.

டீச்சர் வந்தார். வட்டத்துக்குள் குடையை விரித்துக்கொண்டு நின்று அரைக் கிலோ வெண்டைக்காய் கேட்டார். என் கை பழக்கதோஷத்தில் இரண்டு மூன்று முற்றலையும் சேர்த்து அள்ளியது. அவருக்கு நான் அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை. அதுவரை சந்தர்ப்பம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். மறுநாள் மறுபடி வந்து நின்றார். சண்டைக்கு நான் தயாராக இருந்தேன்.

"நேத்தைக்கு மூணெண்ணம் மூத்து போயிருந்நு, அண்ணாச்சி. சாரமில்லை, போகட்டும். மாஸ்க் போட்டா கண்ணாடியிலே ஆவி பிடிக்கும், ஒண்ணும் தெரியாது. இனி கொஞ்சம் நோக்கி எடுத்தா போதும்" என்றார்.

நான் கண்ணாடி போடுகிறவன் இல்லை. அது அவருக்கும் தெரியும். அவர் நாலு வார்த்தை ஏசியிருந்தால் நானும் எட்டு வார்த்தை ஏசிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். இது உள்ளே போய்க் குத்திவிட்டது. ஆறடி தூரத்தில் குடைக்குள் நின்றுகொண்டு என் கையை மட்டுமே நம்பி ஒரு மனுஷி சமையலுக்குக் காத்திருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. அன்று அவருக்கு ஒவ்வொரு காயாக எடுத்து, அவர் பார்க்கும்படி நுனியை ஒடித்து, ஒடியாததைத் தூரப் போட்டு நிறுத்துக் கொடுத்தேன். அடுத்து நின்றவர் தனக்கும் அப்படியே வேண்டும் என்றார். ஒரு வாரத்தில் கடையில் போகும் வெண்டைக்காய் முழுவதும் என் கட்டைவிரலைத் தாண்டித்தான் போனது. என் மனைவி கறிவேப்பிலையை ஆய்ந்தபடியே கேட்டாள், "அப்போ இருபது வருஷமா அந்த டீச்சரை எதுக்கு ஏசுனீங்க?" நான் அடுத்த காயை எடுத்து ஒடித்தேன்.

மற்றக் கடைக்காரர்கள் கையுறை மாட்டிக்கொண்டார்கள். நானும் ஒரு நாள் மாட்டிப் பார்த்தேன். ரப்பருக்குள் விரல் செத்துப்போகிறது, எது ஒடிகிறது, எது வளைகிறது என்று தெரிவதில்லை. கழற்றி வைத்துவிட்டேன். அடிக்கடி சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வெறுங்கையாலேயே ஒடித்தேன். பெருமைப்பட்டுக்கொண்டேன் என்றும் சொல்லலாம்.

ஒட்டன்சத்திரத்திலிருந்து எங்களுக்குக் காய் கொண்டு வரும் லாரி டிரைவர் ஒருவர் உண்டு. மூட்டை இறக்கியதும் அவர் பிளாஸ்கிலிருந்து இருவரும் சாயா குடிப்போம். குடிக்கும்போது மாஸ்க் தாடைக்கு வந்துவிடும். ஒரு நாள் மத்தியானம், கடை அடைக்கிற நேரத்தில், அவர் போனில் கூப்பிட்டார். ஊர் திரும்பியதும் காய்ச்சலாம், சோதித்ததில் பாசிட்டிவாம், என்னையும் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அவரோடு நான் சாயா குடித்து மூன்று நாள் ஆகியிருந்தது. அந்த மூன்று நாளில் நான் ஒடித்த நுனிகளை நினைத்தேன்.

ஒரு மணி நேரம் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கடையைப் பூட்டுவார்கள். தமிழ்நாட்டு லாரி நோயைக் கொண்டு வருகிறது என்று ஏற்கெனவே தெருவில் ஒரு முணுமுணுப்பு இருந்தது. இனி அது என் முகத்தில் ஒட்டிக்கொள்ளும், இருபத்திரண்டு வருஷம் ஒரே நாளில் போய்விடும். பேசாமல் நாலு நாள் உடம்பு சரியில்லை என்று கடையை மூடிவிட்டால் என்ன என்று மனைவியிடம் கேட்டேன். அவள் என்னையே பார்த்தாள்.

"அந்த டீச்சருக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா நீங்க நிம்மதியாச் சோறு திம்பீங்களா? போனை எடுங்க."

வார்டின் ஆஷா சேச்சியைக் கூப்பிட்டேன். சுகாதார வேலை பார்க்கும் அந்தச் சேச்சி திட்டவில்லை. மூன்று நாளில் கடைக்கு வந்தவர்கள் பெயரை எல்லாம் சொல்லச் சொன்னார். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். இத்தனை வருஷத்தில் நான் ஒருவர் பெயரையும் கேட்டதில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கறிவேப்பிலை போதாது என்று தினமும் சண்டை போடும் சேட்டன். மரவள்ளிக் கப்பை கேட்டு, இல்லை என்றால் சேனை வாங்கும் அம்மா. முருங்கைக்காயைப் பாதியாக நறுக்கித் தரச் சொல்லும் வீடு. பூண்டு சேர்க்காத மாடி வீடு. வெண்டைக்காய் டீச்சர். மறுமுனையில் சேச்சி சிரிப்பை அடக்கியது கேட்டது. ஆனால் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு எல்லாரையும் கண்டுபிடித்துவிட்டார். அத்தனை வீடுகளையும் என் காரணமாக உள்ளே இருக்கச் சொன்னார்கள்.

எனக்குப் பாசிட்டிவ், மனைவிக்கு இல்லை. என்னை ஒரு பள்ளிக்கூடத்தில் அமைத்திருந்த சிகிச்சை மையத்துக்குக் கொண்டு போனார்கள். என் கட்டிலுக்கு மேலே கரும்பலகையில் யாரோ போட்ட பின்னக் கணக்கு அழிக்கப்படாமல் இருந்தது. காய்ச்சல் இரண்டே நாள்தான். அதற்குப் பிறகு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுக்குத்தான். வெறுங்கையால் ஒடித்தேனே, வெறுங்கையால் ஒடித்தேனே என்று அதுவே ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் மதியச் சாப்பாட்டுச் சாம்பாரில் வெண்டைக்காய் வந்தது. சுத்த முற்றல். நாரை மென்று மென்று துப்பினேன். யாரோ என்னைப் போன்ற ஒரு புண்ணியவான், நோயாளிகள் தலையில் கட்டியிருக்கிறான். சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது.

ஒவ்வொரு நாளும் ஆஷா சேச்சிக்குப் போன் செய்து கேட்பேன். கறிவேப்பிலைச் சேட்டனுக்கு இல்லை. சேனை அம்மாவுக்கு இல்லை. டீச்சருக்கு லேசான இருமல் இருக்கிறது, சோதனை எடுத்திருக்கிறார்கள், முடிவு வரவில்லை. அந்த இரண்டு நாளை நான் எப்படிக் கழித்தேன் என்று எழுதத் தெரியவில்லை. கோயிலுக்கு நேர்ந்துகொண்டேன், தர்காவுக்கு நேர்ந்துகொண்டேன், இங்கே வரும் வழியில் பார்த்த மாதா கோயிலையும் விடவில்லை. மூன்றாம் நாள் காலையில் சேச்சியே கூப்பிட்டார்.

"டீச்சருக்கு ஒண்ணும் இல்லை, அண்ணாச்சி. நெகட்டிவ்."

வராந்தாவில் வரிசையாக ஆட்கள் பல் விளக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவில் நின்று அழுதேன். பக்கத்தில் நின்றவர் எனக்கு ஏதோ சாவுச் செய்தி என்று நினைத்து, கொஞ்சம் விலகி நின்று கைகூப்பினார்.

வீட்டுக்கு வந்து, சொன்ன நாள் வரை உள்ளேயே இருந்துவிட்டுத்தான் கடையைத் திறந்தேன். நானும் மனைவியும் பிளீச்சிங் பவுடர் போட்டு இரண்டு தடவை கழுவினோம். மழையில் அழிந்துபோன வட்டங்களைப் புதிதாகப் போட்டேன். கையுறை மாட்டிக்கொண்டு, வெண்டைக்காயை இடுக்கியால் எடுத்து அரைக் கிலோ அரைக் கிலோவாகப் பையில் கட்டி வைத்தேன். ஒன்றையும் ஒடிக்கவில்லை.

யாரும் வரவில்லை. வருகிறவர்கள் எதிர்ச் சாரியில் நடந்தார்கள். சிலர் தலையாட்டினார்கள், சிலர் அதுவும் இல்லை. கறிவேப்பிலைச் சேட்டன் வண்டியில் காய் விற்க வந்தவனிடம் வாங்கிக்கொண்டு போனார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. மணி பத்தாயிற்று. ஊருக்குப் போய்விடலாமா என்று கேட்க வாயெடுத்தேன். மனைவி என் தோளைத் தொட்டுச் சந்து முனையைக் காட்டினாள். குடை வந்துகொண்டிருந்தது.

டீச்சர் இளைத்திருந்தார். முதல் வட்டத்தில் நின்றார். நான் அவசர அவசரமாகக் கட்டி வைத்திருந்த பையை நீட்டி, கை படவே இல்லை டீச்சர், இடுக்கியால்தான் எடுத்தேன் என்றேன். அவர் பையை வாங்கவில்லை. வெளியிலிருந்தே அதை உற்றுப் பார்த்தார்.

"இதிலே எது பிஞ்சு, எது மூத்ததுன்னு நான் எப்படி அறியும்? கிளவுஸைக் கழட்டி வெய்க்கு, அண்ணாச்சி. ஒடிச்சு நோக்காத வெண்டைக்கா எனிக்கு வேண்டா."

தெருவில் நாலு பேருக்குக் கேட்கும்படி, வகுப்பில் சொல்வது போலச் சொன்னார். வேண்டுமென்றே சொன்னாரா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. கையுறையைக் கழற்றினேன். சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினேன். பையைப் பிரித்துக் கொட்டி முதல் காயை எடுத்து நுனியை மடக்கினேன். டக்கென்று ஒடிந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. ஒடித்துக்கொண்டே இருந்தேன். அடுத்த பையையும் பிரித்து ஒடித்தேன். அவரும் நிறுத்தச் சொல்லவில்லை.

தராசில் வைத்தபோதுதான் தெரிந்தது, அவர் கேட்ட அரைக் கிலோவுக்கு நான் ஒன்றரைக் கிலோ ஒடித்து வைத்திருந்தேன். வாங்காத காயை ஒடிக்கிறார்கள் என்று இருபது வருஷம் கத்தியவன். மனைவி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். மிச்சத்தை என்ன செய்வது என்று விழித்துக்கொண்டு நிமிர்ந்தேன். இரண்டாவது வட்டத்தில் சேனை வாங்கும் அம்மா நின்றுகொண்டிருந்தார்.

"அந்த ஒடிச்சு வெச்சதெல்லாம் எனிக்குத் தந்நேக்கு, அண்ணாச்சி" என்றார்.