உபதேசியார் வாசித்த தீர்மானம்

எனக்கு எழுத்தும் தெரியாது, வெட்கமும் கிடையாது. கருங்குழிக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊரில் கிராம சபை கூடினால், எனக்கு முதலில் வடை, பிறகு கைநாட்டு. தீர்மானத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டதே இல்லை.

குடிநீர்க் குழாய்த் தீர்மானம் வந்த அன்று, எங்கள் தெரு சர்ச் உபதேசியார் எழுந்தார். ஒல்லியான ஆள். கழுத்து வரை பட்டன் போட்டிருப்பார். எதைப் படித்தாலும் வரிக்கு வரி விரலை ஓட்டிச் சத்தமாகப் படிப்பார்.

“கிளார்க்கு சார், அந்த நோட்ட குடுங்க. படிக்கத் தெரியாதவங்களும் கேக்கட்டும்.”

வேதம் வாசிக்கும் அதே ராகத்தில் வாசித்து முடித்தார். பழக்க தோஷத்தில் எங்கள் தெருவே “ஆமென்” என்றது.

“இன்னாத்துக்கு ஆமென்?” என்று சீறினார். “நம்ம தெரு பேரே இதுல இல்ல!”

கடித்த வடையைக் கீழே வைத்தேன். என் மனைவி தினமும் ஜி.எஸ்.டி. ரோட்டைத் தாண்டிப் போய்க் குடம் தூக்குகிறாள். நானோ கட்டைவிரலில் மையோடு உட்கார்ந்திருந்தேன்.

கிளார்க் தலையைச் சொறிந்துகொண்டே எங்கள் தெருவைச் சேர்த்தார். உபதேசியார் முதலிலிருந்து மறுபடி வாசித்தார். இந்த முறை நெற்றி நிறைய விபூதியோடு நான்தான் உரக்க “ஆமென்” போட்டேன்.

உபதேசியார் சிரித்துவிட்டார். “இன்னா நைனா, முருகர் கோச்சிக்க மாட்டாரா?”

“கொழாயில தண்ணி வந்தா அவரே எறங்கி வந்து ஆமென் சொல்லுவாரு, ஐயா!”

இன்று வரை அவர் என்னை ஜெபத்துக்குக் கூப்பிட்டதில்லை. கிராம சபைக்கு மட்டும் முதல் நாளே என் வாசலில் வந்து நிற்கிறார்.