சபாரத்தினத்தாரின் சங்கிலி வண்டி

சாவகச்சேரியில் புடவைக்கடை வைத்திருந்த மனிசன் லண்டனுக்கு வந்து சங்கிலி ட்ராக்டர் திருத்தினவர் என்றால் ஆர் நம்புவினம்? வால்தம்ஸ்டோவில் கேட்டுப் பாருங்கள். முதலில் சிரிப்பார்கள். பிறகு அவர் மனிசி பாலாம்பிகை தேங்காய் உடைத்ததைச் சொல்லி இன்னொரு தரம் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஒழுங்காய்ச் சொன்னால் அது சிரிக்கிற கதை மட்டுமில்லை.

எண்பத்தாறில் இரண்டு பேரும் வந்து சேர்ந்தார்கள். அகதி விண்ணப்பம் குரோய்டனில், குடிவரவுக் கந்தோரில் கிடந்தது. போய்க் கேட்டால் இன்னும் முடிவெடுக்கவில்லை என்பார்கள். வருசம் மாறும், கவுண்டரில் இருக்கிற முகம் மாறும், பதில் மட்டும் மாறாது. இருக்கச் சொல்லுவார்களோ போகச் சொல்லுவார்களோ தெரியாமல் ஒரு வீட்டில் எப்படிக் குடித்தனம் நடத்துகிறது? பாலாம்பிகை ஜன்னலுக்குத் திரைச்சீலைகூட வாங்க விடவில்லை. "நாளைக்கு ஏத்தி அனுப்பினால் உந்தச் சீலையை ஆர் சுமக்கிறது?" என்று பழைய பெட்ஷீட் ஒன்றை ஆணியில் மாட்டி வைத்திருந்தா. புடவைக்கடைக்காரருக்கு அதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரியும்.

வேலை, லென் என்ற வெள்ளைக்காரக் கிழவரின் லொறி திருத்துகிற யார்ட்டில் கூட்டித் துடைக்கிறது. அந்த யார்ட்டின் கடைசி மூலையில், முட்செடிக்குள், அது கிடந்தது. சில்லுக்குப் பதிலாக இரண்டு பக்கமும் இரும்புச் சங்கிலி. உடம்பெல்லாம் துருவேறின கறள். புகை போகிற குழாய்க்குள் குருவிக்கூடு. இரண்டாம் உலக யுத்த காலத்தில் லென்னின் தகப்பன் அதாலே சதுப்பு நிலத்தை உழுதாராம், அதுக்குப் பிறகு அசையவில்லையாம்.

"இது ஓடாதோ?" என்று சபாரத்தினத்தார் கேட்டார்.

"நீ ஓட்டினால் உன்னுடையது," என்றார் லென், தேத்தண்ணிக் கோப்பையை வாயிலிருந்து எடுக்காமலே.

கிழவர் பகிடிக்குச் சொன்னார். இவர் அதை வாக்கு என்று எடுத்துக்கொண்டார்.

மனிசனுக்கு எஞ்சின் என்றால் அரிச்சுவடியும் தெரியாது. முதல் கிழமை சுத்தியலால் அடித்து ஒரு குழாயை உடைத்தார். அடுத்த கிழமை கையை வெட்டிக்கொண்டார். லென் பொறுக்கமாட்டாமல், சிலிண்டருக்குள் டீசல் ஊற்றி ஊறவிடு, அவசரப்படாதே என்று சொல்லிக் கொடுத்தார். ஊற்றினார். வேலை முடிய ஒவ்வொரு நாளும் நீட்டுக் கம்பி ஒன்றைப் போட்டு எஞ்சினைத் திருப்பிப் பார்ப்பார். அசையாது. டீசலை மாற்றி ஊற்றுவார். மாரி போய்க் கோடை வந்தது, கோடை போய் மாரி வந்தது. ஒரு சனிக்கிழமை கம்பி ஒரு விரலளவு இறங்கியது. சபாரத்தினத்தார் எண்ணெய்ச் சேற்றில் அப்படியே குந்தியிருந்து அழுதார். சந்தோசத்தில்தான்.

அதோடு முடிந்ததா? இந்த வண்டியைத் திருப்ப ஸ்டியரிங் வளையம் கிடையாது, இரண்டு பிடிதான். இடது பிடியை இழுத்தால் இடது சங்கிலி நிற்கும், வண்டி இடப்பக்கம் திரும்பும். அந்தப் பிடிகளுக்குக் கீழே இருக்கிற தட்டுகள் கறளில் ஒன்றோடொன்று ஒட்டிப்போய்க் கிடந்தன. ஒவ்வொன்றாய்க் கழற்றித் தேய்த்தார். வீட்டில் சட்டி தேய்க்கிற கம்பியெல்லாம் காணாமல் போனது.

"கட்டின மனிசிக்கு ஒரு சட்டி தேய்ச்சுத் தந்திருக்கிறியளோ? உந்த இரும்புக்குக் கொண்டாட்டம்தான்," என்பா பாலாம்பிகை.

பெற்றோலில் தொடங்கி, சூடான பிறகு மண்ணெண்ணெயில் ஓடுகிற எஞ்சின் அது. பழைய வண்டி, தொடங்கவே அடம் பிடித்தது. அதுக்கு வழி ஊரில் இருந்த பாலாம்பிகையின் தமையன் வாயில் வந்தது. அந்த நேரம் பொருளாதாரத் தடை, ஊரில் பெற்றோல் கண்ணிலும் காட்டக் கிடையாது. கார் எஞ்சின் காற்றிழுக்கிற வாய்க்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டுத் தொடங்கிவிட்டு, மண்ணெண்ணெயிலேயே ஓடித் திரிந்தார்கள். தமையன் கொழும்புக்கு வந்த நேரம் அதை ரெலிபோனில் சொல்ல, இவர் மருந்துப் போத்தல் ஒன்றில் பெற்றோல் எடுத்துக்கொண்டு யார்ட்டுக்கு ஓடினார். அன்றைக்குத்தான் அது முதல்முதல் இருமி, பிறகு உறுமியது.

இப்படி இருக்கேக்கைதான் இடி விழுந்தது. புது றோட்டு வரப்போகுது, யார்ட்டை இடிக்கப் போகிறார்கள் என்று தொண்ணூற்று மூன்றில் சொல்லிவிட்டார்கள். லென் கடற்கரைப் பக்கம் போகப் புறப்பட்டார். எப்பிங் பக்கத்தில் கமம் செய்கிற விவசாயி ஒருவர் வண்டியைத் தன் கொட்டிலில் நிறுத்த ஓமென்றார். ஏற்றுகிற லொறிதான் உள்ளே வர ஏலாது, யார்ட்டுக்கு வருகிற ஒழுங்கை, அந்தச் சந்து அப்படி ஒடுக்கம், நடுவில் ஒரு வளைவு வேறை. வண்டி தானாக நடந்து பெரிய றோட்டுக்கு வரவேணும். வராவிட்டால் இடிக்க வருகிறவர்கள் காஸ் நெருப்பால் வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார்கள்.

"விடு, போனால் போகுது," என்றார் லென்.

சிநேகிதன் கிறிஸ்துநாயகமும் அதையேதான் சொன்னான். "பழைய இரும்புக்கு ஏன் அண்ணை உயிரை விடுறியள்?"

"டேய், என்ரை மற்றதெல்லாம் ஆரோ ஒருத்தன்ரை கையிலை கிடக்குது. இது ஒண்டுதான் என்ரை கையிலை கிடக்குது. இதையும் விடச் சொல்லுறியோ?"



கடைசி நாள் காலமை பாலாம்பிகை சந்தனம், குங்குமம், தேசிக்காய், தேங்காய் எல்லாத்தோடும் வந்து இறங்கினா.

"தேசிக்காயை எந்தச் சில்லுக்கு வைக்கிறது? இதுக்குச் சில்லே இல்லையே."

"ஒண்டும் வேண்டாம், விடும்."

"முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் ஆர் பஸ்ஸிலை போனது? சும்மா இருங்கோ."

இரண்டு சங்கிலிக்கும் கீழே ஒவ்வொரு தேசிக்காய் வைத்தா. யார்ட்டுக் கேற்றடியில் ஒரு பெரிய கருங்கல்லைப் புரட்டிப் போட்டுத் தேங்காயை உடைத்தா. நல்லாய்த்தான் உடைந்தது. ஆனால் வண்டி தாண்டு முன்னம் அந்தக் கல்லை எடுக்கக் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றா. எடுத்தால் பயணம் பிழைத்துவிடுமோ என்று சபாரத்தினத்தாருக்கும் மனதுக்குள் பயம்தான். கல்லை விட்டுவிட்டார். இடது சங்கிலி கொஞ்சம் தொய்வு என்று அவருக்குத் தெரியும், ஆனால் இறுக்குகிற திருகாணி கறள் பிடித்துக் கிடந்தது, பிறகு பார்ப்போம் என்று அதையும் விட்டிருந்தார். வண்டி கேற்றடியில் திரும்பியது. கல் உருண்டு சங்கிலிக்கும் பல்லுச்சக்கரத்துக்கும் நடுவில் போய்ச் செருகியது. படார் என்று இடது சங்கிலி கழன்று விழுந்தது.

கேற் அடைபட்டது. வெளியில் இடிக்கிற ஆட்கள் மெசினோடு நின்றார்கள். அவர்களின் போர்மன் கைமணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, வெட்டி எடுப்போம் என்றான்.

"கொஞ்சம் பொறு," என்றார் சபாரத்தினத்தார். கெஞ்சவில்லை. சத்தமும் போடவில்லை. திருகாணிக்குப் பக்கத்தில் மண்ணில் படுத்து, சுத்தியலால் அடிக்கத் தொடங்கினார். அடித்துக்கொண்டேயிருந்தார். வெட்ட வந்தவன் காஸ் குழாயோடு பார்த்தபடி நின்றான். கடைசியில் திருகாணி இளகியது, சங்கிலியைத் தளர்த்தினார்.

இனிச் சங்கிலியை அலவாங்குக் கம்பியால் நெம்பித் தூக்கத் தூக்க, வண்டியை மெல்ல மெல்ல நகர்த்த வேணும். அவர் ஆசனத்தில் ஏறினால் நெம்ப ஆள் வேணும். லென் ஒரு கம்பியை எடுத்தார். மற்றதைப் பாலாம்பிகை எடுத்தா. கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, அலவாங்குக்குத் தோள் கொடுத்தா. "என்ரை கல்லாலைதானே வந்தது," என்றா, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"நான் சொல்லேக்கை கையை எடும்," என்று அவர் ஆசனத்தில் ஏறினார்.

நகர்த்தினார். சங்கிலி வழுகி விழுந்தது. திரும்பவும் நெம்பினார்கள். திரும்பவும் விழுந்தது. அடுத்த தரம் பல்லு ஒவ்வொன்றாய்ச் சங்கிலியைக் கவ்வி உள்ளே இழுத்தது. இறங்கி, திருகாணியை இந்த முறை முழுதாய் இறுக்கினார். வண்டி கேற்றைத் தாண்டி, ஒழுங்கை வளைவில் மெல்லத் திரும்பி, தானாகவே லொறியில் ஏறி நின்றது.

போர்மன் பின்னாலேயே வந்தான். லென்னையும் பார்த்தான், இவரையும் பார்த்தான். "இது ஆருடையது?"

லென் வாய் திறக்கவில்லை.

"என்னுடையது," என்றார் சபாரத்தினத்தார். போர்மன் தலையை ஆட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனான். வேறொன்றும் கேட்கவில்லை. இந்த நாட்டில் இவர் சொன்னதை இவ்வளவு சுலபமாய் ஒருத்தரும் ஏற்றுக்கொண்டதில்லை.

லொறியை அனுப்பிவிட்டு, கிரீஸும் சந்தனமுமாய் இரண்டு பேரும் சந்தைத் தெருவால் நடந்து வந்தார்கள். துணிக்கடை ஒன்றின் முன்னால் பாலாம்பிகை நின்றா.

"குரோய்டன்காரர் இன்னும் ஒண்டும் சொல்லேல்லை," என்றார் அவர்.

"அவங்கள் சொல்லேக்கை சொல்லட்டும். முன்னறை ஜன்னலுக்கு எவ்வளவு துணி வேணும்?"

சபாரத்தினத்தார் யோசிக்காமலே அளவைச் சொன்னார். அந்த வீட்டுக்குள் காலடி வைத்த அன்றைக்கே அவர் அதைக் கண்ணால் அளந்து வைத்திருந்தார்.