பனி வரும்

கொச்சி மட்டாஞ்சேரி விஸ்வேஸ்வரனுக்குத் தமிழும் மலையாளமும் தெரியும். இரண்டிலும் பொய் சொல்ல வரும். ஓர் அலுவலகத்தில் பியூன். தமிழ்க்காரர் யாரைக் கண்டாலும் "நம்ம ஆளுங்க" என்பார். நம்ம ஆளுங்க வீட்டில் அவர் ஒரு வாய் தண்ணீர் குடித்து நான் பார்த்ததில்லை.

மிளகுக் கிடங்குக்குப் பின்னால், புறம்போக்கில் எங்கள் குடிசைகள். ஃபைலோடு யார் வந்தாலும் காலி பண்ணச் சொல்லத்தான் வருகிறார்கள் என்று கதவைச் சாத்திக்கொள்வோம். அதனால் 1978இல் யானைக்கால் மருந்து ஆராய்ச்சிக்கு வந்த டாக்டர் ஓமனா, தான் சொல்வதைத் தமிழில் சொல்ல விஸ்வேஸ்வரனைக் கூட்டி வந்தார்.

மருந்தால் உடம்புக்குள் இருக்கும் யானைக்கால் புழுக்கள் சாகும்போது சிலருக்குக் காய்ச்சல் வரும். டாக்டர் அதை மறைக்கவில்லை. "பனி வரும், பேடிக்கேண்டா", பயப்பட வேண்டாம், என்று மலையாளத்தில் சொன்னார். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். சங்கரன்கோவில் பக்கமிருந்து புதிதாக வந்த எங்களுக்கோ அது மார்கழிப் பனி. வேர்த்து வழியும் ஊரில் பனியா என்று சிரித்தோம். டாக்டர் அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். விஸ்வேஸ்வரனுக்கு எல்லாம் விளங்கியது. வாய் திறந்தால் கூட்டம் கலையும், டாக்டரிடம் தன் மதிப்புக் குறையும். பேசாமல் நின்றார்.

மாத்திரை தின்றவர்களில், கால் வீங்கத் தொடங்கியிருந்த இசக்கிமுத்து அண்ணனுக்குக் கடும் காய்ச்சல். அவர் மூட்டை தூக்குபவர். மருந்தை நிறுத்தினால் வீக்கம் கூடும், பிழைப்புப் போகும். அது தெரியாமல் அவர் மனைவி முப்பிடாதி மதினி, விஷம் என்று மிச்ச மாத்திரையைச் சாக்கடையில் கொட்டினாள். எல்லாக் குடிசைக்காரர்களும் கொட்டினார்கள்.

மறுநாள் டாக்டர் வந்ததும் மதினி அவர் கையைப் பிடித்து இழுத்து அண்ணன் கழுத்தில் வைத்தாள். "இதுக்குப் பேரு என்ன?"

"பனி."

"எங்க ஊர்ல இது காய்ச்சல். இந்த வேக்காட்டுல பனி எங்கருந்து வரும்னுதான சிரிச்சோம்? ஒடம்பு கொதிக்கும்னு ஒருத்தரும் சொல்லலியே."

டாக்டர் விஸ்வேஸ்வரனைத் திரும்பிப் பார்த்தார். அவர் பதற்றத்தில் தமிழிலேயே உளறினார். "காய்ச்சல்னு சொன்னா யாரு மேடம் திம்பா?" அவர் உண்மையைத் தமிழில் சொன்னது அன்றுதான்.

"கேட்டியா, நம்ம ஆளு பேசுறத," என்றார் பாயில் கிடந்த அண்ணன்.

டாக்டர் காய்ச்சல் என்ற சொல்லை மதினியிடம் கேட்டுப் பழகிக்கொண்டு குடிசை குடிசையாகப் போனார். "காய்ச்சல் வரும். வேண்டாம்னா வேண்டாம்." கடைசியில் அண்ணனிடம் வந்தார்.

"மறுபடி காய்ச்சல் வந்தா யாரு பாத்துக்கிடுவா?" என்றார் அண்ணன்.

"ஞான் வரும்."

"நீங்க மட்டும் வாங்க. இந்த அண்ணாச்சி வேண்டாம்."

காய்ச்சல் இறங்கியதும் அண்ணன் மாத்திரைக்குக் கை நீட்டினார். டாக்டர் தினமும் வந்தார், தனியாக.

யானைக்கால் மருந்தைக் கொண்டுவந்ததே தான்தான் என்று சாயாக்கடையில் விஸ்வேஸ்வரன் இன்றும் அளக்கிறார். தூரத்தில் அவர் தலை தெரிந்தாலே யாராவது "பனி வருது" என்பார்கள். பெஞ்சு காலியாகிவிடும்.