சரியான ஆழம்

1. பத்து நாட்டு வீரர்கள்

ஒலிப்பதிவுக்குப் போகிறவர் முதல் நாளே எல்லோருடைய குரலையும் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறையில் ஒரு சண்டைப் படத்துக்குப் போன முதல் நாள், பத்து நாட்டு வீரர்களின் குரலையும் கேட்டேன். பெரும்பாலும் தமிழும் சிங்களமும்தான்.

படத்தின் கதை சின்னது. யாருக்கும் தெரியாத ஒரு தீவில் உலகச் சண்டைப் போட்டி நடக்கிறது. வெல்கிறவருக்குப் புதையலுக்குப் போகும் வழி காட்டப்படும். மங்கோலிய வீரர் நுவரெலியாக்காரர். பிரேசில்காரர் நீர்கொழும்பில் ஜிம் நடத்துகிறவர். நிஜமாகவே கடல் கடந்து வந்த சண்டைக்காரர்கள் இரண்டே பேர். ஒருவர் தாய்லாந்துக்காரர், அவரை ஜப்பானியராக்கி விட்டார்கள். மற்றவன் மதுரைப் பக்கத்துச் சேகர். அவன் தலைக்கு மஞ்சள் சாயம் அடித்து ரஷ்யனாக்கியிருந்தார்கள். நிறம் மட்டும் ஒத்துவரவில்லை. இயக்குநர், வெயிலில் கறுத்த ரஷ்யன் என்று வசனத்தில் சேர்த்துக்கொண்டார்.

சேகர் பல வருடமாக டூப் போட்டவன். கதாநாயகர்களுக்குப் பதிலாக விழுந்து, முதுகை மட்டும் காட்டிவிட்டுப் போகிற வேலை. இந்தப் படத்தில்தான் முதல்முறையாக முகம் தெரியப்போகிறது. நெஞ்சில் மைக் ஒட்டினால் கொஞ்ச நேரத்தில் ஆள் அதை மறந்துவிடுவார், பிறகு நாங்கள் கேட்கக்கூடாததெல்லாம் கேட்போம். அன்று காலை மேக்கப் போடுகிறவரிடம் சேகர் மெதுவாகச் சொன்னது என் ஹெட்போனில் விழுந்தது. தனக்கு நீந்தத் தெரியாதாம். ஆனால் விழப்போவது நெஞ்சளவுத் தண்ணீரில்தான் என்று பைட் மாஸ்டர் உறுதி சொல்லியிருக்கிறாராம், அதனால் பயமில்லையாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அன்றைய திட்டத்திலும் நெஞ்சளவு என்றுதான் இருந்தது.

2. விழுகை

காட்சி இப்படி. படத்துக்கென்று கடலுக்குள் நீட்டிப் போட்ட மரப் பாலத்தின் நுனியில் ரஷ்யனும் கதாநாயகனும் மோதுகிறார்கள். ரஷ்யன் உதை வாங்கிக் கடலில் விழுகிறான். கொஞ்ச நேரம் ஆளைக் காணோம். எல்லோரும் முடிந்தது என்று நினைக்கும்போது, நெஞ்சளவுத் தண்ணீரில் உறுமிக்கொண்டு எழும்புகிறான்.

தண்ணீர்ச் சத்தம் கிட்டத்தில் வேண்டுமென்பதால் நான் நீளக் கம்பில் கட்டிய பூம் மைக்கோடு ஒரு வள்ளத்தில் இருந்தேன். வள்ளம் அந்தோனி அண்ணையுடையது. அந்த ஊர்க் கடற்றொழிலாளி, படத்துக்கு வள்ளம் ஓட்ட வந்தவர். அதிகம் கதைக்கமாட்டார். நடிகர்களைப் பார்த்துச் சிரிக்கவும் மாட்டார்.

வெயில் இறங்குகிறது என்று இயக்குநர் அவசரப்படுத்தினார். உதை விழுந்தது. சேகர் விழுந்தான். சத்தம் மிக நன்றாகப் பதிவானது.

பிறகு ஒன்றும் கேட்கவில்லை. பாலத்தில் இயக்குநர் கையை உயர்த்தி, ஒருவரும் பேசவேண்டாம் என்று சைகை காட்டிக்கொண்டு நின்றார். அவருக்குக் காட்சி பிடித்துவிட்டது. கமரா ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீரில் மூழ்குகிறவன் கத்துவான் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கத்த மூச்சு இருந்தால் அவன் ஏன் மூழ்குகிறான்?

அந்தோனி அண்ணை என்னைப் பார்த்தார்.

“தங்கச்சி, உந்தப் பெடியனுக்கு நீந்தத் தெரியுமோ?”

“தெரியாது அண்ணை.”

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. தலைகீழாகப் பாய்ந்துவிட்டார். வள்ளம் ஆடியதில் என் பூம் கடலில் போனது. இயக்குநர், ஃபிரேமுக்குள் யார் என்று சத்தம் போட்டார். அடுத்ததாக மேலே வந்தது மஞ்சள் தலை. அந்தோனி அண்ணை அதை மயிரில் பிடித்துத் தூக்கியிருந்தார்.

சேகரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். குடித்த உப்புத் தண்ணீரெல்லாம் வாந்தியாக வந்தது. ஆள் தப்பிவிட்டான். 

3. ஒரே பதிவு, இரண்டு காது

மறுநாள் சண்டை நிஜமாகவே தொடங்கியது. ஆழத்தைப் பற்றி மீனவர் பொய் சொல்லிவிட்டார் என்று பைட் மாஸ்டர் எல்லோரிடமும் சொன்னார். அவர் சென்னைக்காரர், தொழில் தெரிந்தவர், தன் ஆள் சாகப் பார்த்த கோபத்தில் இருந்தார். அந்தோனி அண்ணை தன் வள்ளத்தை அவிழ்த்துக்கொண்டு போக வெளிக்கிட்டார். ஒரு உயிரைத் தூக்கியெடுத்தவரைப் பொய்யன் என்றால் யார் நிற்பார்?

முதல் நாள் டேக்குக்கு முன்னால் அவர்கள் இருவரும் வள்ளத்தடியில் பேசியபோது நான் பற்றரி எடுக்கப் போயிருந்தேன். ரெக்கோடர் வள்ளத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தது. இருவரையும் கூப்பிட்டு அதைப் போட்டுக் காட்டினேன்.

“அண்ணே, இந்த இடத்துல ஆழம் எப்படி இருக்கு?”

“இதிலயோ? சரியான ஆழம்.”

“சூப்பர். அப்ப இங்கேயே வச்சுக்கலாம்.”

“உங்கட விருப்பம்.”

மாஸ்டர் என்னிடம் திரும்பினார். “கேட்டீங்களா மேடம்? சரியான ஆழம்னு சொல்றாரு.”

அந்தோனி அண்ணையும் என்னிடம்தான் திரும்பினார். “கேட்டனீர்தானே? சரியான ஆழம் எண்டு தெளிவாச் சொல்லியிருக்கிறன்.”

இருவர் முகத்திலும் வழக்கில் வென்ற களை. நான் பக்கத்து வேலணையில் பிறந்து கோடம்பாக்கத்தில் தொழில் படித்தவள். சிரிக்கக்கூடாத இடத்தில் சிரித்துவிட்டேன். பிறகு மாஸ்டருக்கு விளக்கினேன். எங்கள் பக்கம் சரியான வெயில் என்றால் கொளுத்துகிற வெயில். சரியான சனம் என்றால் நிற்க இடமில்லாத கூட்டம். சரியான ஆழம் என்றால், ஆளே தெரியாமல் போகிற ஆழம்.

மாஸ்டர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். அந்தோனி அண்ணைக்குக் கோபம் தணிந்து வியப்பு வந்தது. பத்து நாட்டுச் சண்டைக்காரர்களுக்கு நீந்தத் தெரியாமல் இருக்குமென்று அவர் கனவிலும் நினைக்கவில்லையாம்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். தாய்லாந்துக்காரருக்கு எங்கள் மொழி தெரியாது. அதனால் அவரிடம் எதையும் கையால் காட்டி, நடித்துக் காட்டி, திரும்பவும் கேட்டோம். அவருக்குக் கீறல்கூட விழவில்லை. மொழி தெரியாதவரிடம் நாமாகவே கவனமாக இருப்போம். ஒரே மொழி பேசுகிறவரிடம்தான் இரண்டாம் தரமும் கேட்க வேண்டும்.

4. இரண்டாவது டேக்

சேகர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தான். தண்ணீர்ப் பக்கம் வர மறுத்தான். இயக்குநர் வேறொருவரை முதுகு காட்டி விழவைக்கலாம் என்றார். அப்படியென்றால் எழும்பி உறுமுகிற குளோசப்பும் போய்விடும். சேகருக்கு அது தெரியும். பாலத்து நுனியில் வந்து நின்றான், திரும்பிப் போனான், மறுபடி வந்தான்.

அந்தோனி அண்ணை யாரையும் கேட்காமல், பாலத்தின் மறுபக்கம் போய்ச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கடலில் குதித்தார். நெஞ்சுவரை தண்ணீர். கையிரண்டையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றார்.

சேகர் மேலிருந்து கேட்டான். “இது என்ன ஆழம்ணே?”

“நிக்கிற ஆழம், தம்பி. நான் உன்னிலும் கட்டை. பார், நிக்கிறன்.”

கமராவையும் மறுபக்கம் மாற்றினார்கள். அந்தோனி அண்ணை ஃபிரேமுக்கு வெளியே ஒதுங்கி, கழுத்தளவு தண்ணீரில் காத்திருந்தார். சேகர் விழுந்தான். மூழ்கினான். எழும்பினான். கால் தரையில் நின்றது. வாயைத் திறந்து அவன் உறுமவில்லை. ஹெட்போன் கிழியுமளவுக்கு “அம்மா” என்று கத்தினான்.

டேக் ஓகே என்றார்கள். கொழும்பில் ஒருவர் அந்த இடத்துக்கு ரஷ்யமொழியில் குரல் கொடுத்தார். தியேட்டரில் அதற்குக் கைதட்டினார்கள். வாயசைவு பொருந்தவில்லை என்று இரண்டொருவர் குறை சொன்னார்கள். “அம்மா” என்ற அந்த வாயசைவோடு ரஷ்யக் குரலைப் பொருத்த நான் முயற்சி செய்யவே இல்லை.