எட்டு ஒன்பதுக்கு இறங்கிய கேட்

என் மச்சானை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. 'சந்தேகப் பிராணி' என்றுதான் சொல்வார்கள். அதற்கும் சோம்பல்பட்டவர்கள் வெறும் 'பிராணி' என்பார்கள். பால் பாக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார். வீட்டைப் பூட்டினால் மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். பத்தடி போய்விட்டுத் திரும்பி வந்து நான்காவது தடவையும் இழுப்பார். அவர் தங்கையை நான் பெண் கேட்டபோது ஆறு மாதம் எனக்குப் பின்னால் துப்பறிந்தார். நான் அப்போது டயர் கடையில் இருந்தேன். சைக்கிள்கூட இல்லாத மனிதர், லாரி டயர் விலை கேட்டு நான்கு தடவை வந்தார். கடைசியில், "பரவால்ல, பொய் சொன்னா இவருக்குக் காது சிவக்குது. கண்டுபிடிச்சிரலாம்" என்று சொல்லித்தான் சம்மதித்தாராம்.

எனக்குப் பாலத்தில் வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். துறைமுகத்தின் வாயில் நின்ற நீளப் பாலம் அது. கிழக்கு முனையில் ஒரு கேட், அது அவருடையது. மேற்கு முனையில் ஒரு கேட், அது என்னுடையது. அடியில் போகும் கப்பலால் ஆபத்து என்று துறைமுகத்தின் கட்டுப்பாட்டு அறை ஃபோனில் சொன்னால், இரண்டு பேரும் கேட்டை இறக்கி வண்டிகளை மறிக்க வேண்டும். சொல்லாமல் இறக்கக் கூடாது. அவ்வளவுதான் சட்டம்.

ஆனால் பிராணிக்குச் சட்டம் போதுமா? அவர் ஒவ்வொரு கப்பலையும் திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். கப்பலின் உச்சியில் நீளமான கட்டை ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும். ரேடார் என்பார்கள். "புகையை நம்பாதீங்க மாப்ள. மேல சுத்துதே, அதைப் பாருங்க. கரண்டு போனா முதல்ல அதுதான் நிக்கும்" என்பார். அது கொஞ்சம் மெதுவாகச் சுற்றுவதுபோல் தெரிந்தாலே கேட்டை இறக்கிவிடுவார். மூன்று முறை அப்படி இறக்கினார், மூன்று கப்பலும் ஜம்மென்று போய்ச் சேர்ந்தன. ஆம்புலன்ஸ் முதல் பள்ளி வேன்வரை பாலத்தின் இரு பக்கமும் காத்துக் கிடந்தன. இன்னொரு தடவை சொந்தப் புத்தியில் மூடினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று மேலதிகாரி எழுதியே கொடுத்துவிட்டார்.

மனிதர் திருந்தினாரா? இல்லை, தந்திரம் கற்றுக்கொண்டார். அதற்குப் பிறகு சந்தேகம் வந்தால், முதலில் பதிவேட்டை எடுத்து 'தகவல் வந்தது, இரு கேட்டும் மூடப்பட்டது' என்று நேரம் போட்டு எழுதுவார். அப்புறம் எனக்கு ஃபோன் அடிப்பார். அதற்கப்புறம்தான் தன் கேட்டை இறக்குவார். இரண்டு கேட்டுக்கும் சேர்த்து அந்த ஒரே பதிவேடுதான். பதினொரு வருஷம் இப்படியே ஓடியது. யாரும் சரிபார்த்ததில்லை.

அன்று காலை எட்டு மணி ஒன்பது நிமிஷத்துக்கு ஃபோன் அடித்தது. அந்த வாரத்தில் அது நாலாவது தடவை.

"மாப்ள, மூடுங்க! சுத்தறது நின்னுபோச்சு!"

"சரி மச்சான்" என்று வைத்தேன். வைத்துவிட்டு, 'ஆரம்பிச்சுட்டாருய்யா' என்று வாய்விட்டே திட்டினேன். ஃபிளாஸ்க்கைத் திறந்து டீயை ஊற்றிக்கொண்டிருந்தேன், அதை ஊற்றி முடித்தேன். நாலு வண்டி போனது, ஐந்தாவதும் போனது. ரொட்டி வேன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார். தினமும் எனக்குக் கை காட்டிவிட்டுப் போகிறவர். இந்த ஒரு வண்டிதானே, போகட்டும் என்று கையை ஆட்டி அனுப்பினேன். பிறகுதான் பொத்தானை அமுக்கினேன். டீயை ஒரு வாய் குடித்திருப்பேன், கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஃபோன் வந்தது. மணி எட்டு பதினொன்று. மின்சாரம் போய், சுக்கானும் செத்து, சரக்குக் கப்பல் தன் போக்கில் வருகிறது என்றார்கள்.

அடுத்த நிமிஷம் அது நடுத்தூணில் மோதியது. பாலம் மெதுவாகத்தான் விழுந்தது. எனக்கு அப்படித்தான் தெரிந்தது. வேனுக்கு முன்னால் போன ஐந்து வண்டியும் எப்படியோ அக்கரை ஏறிவிட்டன. ரொட்டி வேன் மட்டும் நடுவில் இருந்தது.

ஒரு வாரம் ஊரே மச்சானைக் கொண்டாடியது. கிழக்கே அவர் மறித்த பஸ்ஸில் நாற்பது பேர் இருந்தார்கள். அப்புறம் விசாரணைக்காரர்கள் பதிவேட்டைத் திறந்தார்கள், கொண்டாட்டம் அடங்கியது. கட்டுப்பாட்டு அறை தகவல் சொன்னது எட்டு பதினொன்றுக்கு. இவருக்குத் தகவல் வந்ததோ எட்டு ஒன்பதுக்கு. கப்பல்காரனே சொல்லாத விஷயத்தை இரண்டு நிமிஷம் முன்னால் இவருக்குச் சொன்னது யார்? காலம் முழுக்க ஊரைச் சந்தேகப்பட்டவரை இப்போது ஊர் சந்தேகப்பட்டது. காப்பீட்டுக்காகக் கப்பலை வேண்டுமென்றே மோதவிட்டார்கள், இவரும் உடந்தை என்று சலூனிலேயே பேசினார்கள். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, எனக்கும் அவர்மேல் ஒரு கணம் சந்தேகம் வந்தது. அப்படி இருந்தால் நான் தப்பித்தேனே என்ற ஆசைதான், வேறென்ன!

விசாரணை அதிகாரி ஒரு அம்மாள். குரலை உயர்த்தவே மாட்டார். முதல் நாள் என்னைக் கேட்டார்.

"எட்டு ஒன்பதுக்கு உங்க கேட்டை மூடினீங்களா?"

"ஆமா மேடம்" என்றேன். தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டிருந்தேன். எங்கள் கேட்டின் கேமரா கெட்டுப்போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது.

அங்கேதான் வினையே. இரண்டு கேட்டும் எட்டு ஒன்பதுக்கு மூடியிருந்தால், எட்டு பன்னிரண்டுக்கு நடுப்பாலத்தில் வேன் எப்படி வந்தது? வேன்காரன் வேண்டுமென்றே நிறுத்தி வைத்திருந்தான் என்று முடிவு கட்டினார்கள். செத்தவரையும் கூட்டாளி ஆக்கிவிட்டார்கள். அவர் மனைவியைக் கூப்பிட்டு, கிழக்குக் கேட்காரரை உன் புருஷனுக்குத் தெரியுமா என்று துருவினார்கள். அந்த அம்மா வெளியே வந்து, நான் யாரென்று தெரியாமல், நான் இருந்த பெஞ்சிலேயே உட்கார்ந்தாள்.

"அவரு எங்கயும் ஒரு நிமிஷம் வண்டிய நிறுத்த மாட்டாருங்க. ரொட்டி ஆறிடும்னு பறப்பாரு. அவரப் போயி..." என்றாள். எனக்கு எழுந்து போகவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

அன்று சாயங்காலம் மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் வீட்டுக்காரி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "ரேடாரைப் பாத்துத்தான் மூடினேன், பதிவேட்டுல எழுதினது பொய்னு சொல்லித் தொலையேண்ணே! வேலைதானே போகும்? இப்ப ஜெயிலுக்கே அனுப்பிருவாங்க போலிருக்கே!" என்று அழுதாள்.

"ரேடார் விஷயத்தைச் சொல்லிட்டேம்மா. அப்ப பதிவேடு பொய்யான்னு கேட்டாங்க. வாயை மூடிக்கிட்டேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனதும் என்னைப் பார்த்தார். முகத்தை அல்ல, காதை.

"ஒண்ணு பொய்னு ஆனா எல்லாத்தையும் நோண்டுவாங்க மாப்ள. அப்புறம் மேற்குக் கேட்டு எத்தனை மணிக்கு எறங்குச்சுன்னு கேப்பாங்க."

"மச்சான்..."

"எனக்குக் கணக்குத் தெரியாதா? எட்டு ஒன்பதுக்கு மூடியிருந்தா அந்த வேன் உங்க பக்கமே நின்னிருக்கும். விடுங்க. என் தங்கச்சி நல்லா இருக்கணும்."

தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார். வெளியே போய், எங்கள் வீட்டு கேட்டின் கொக்கியை மூன்று தடவை இழுத்துப் பார்த்தார். ராத்திரி முழுக்கப் படுத்துப் புரண்டேன். என் மேலேயே எனக்கு அப்படி ஓர் ஆத்திரம்.

மறுநாள் காலை விசாரணை அறையில் அவரை மறுபடி நிறுத்தி, "சொன்னது யார்?" என்று ஆரம்பித்தபோது நான் எழுந்துவிட்டேன். தொப்பியைக் கழற்றினேன். பதினொரு வருஷத்துப் பதிவேடு, டீ, கை காட்டியது, வேன் எல்லாவற்றையும் கொட்டினேன். கடைசி வரிசையில் ரொட்டி வேன்காரரின் மனைவி இருந்தாள். அவள் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் வரவில்லை.

"அவர் சொன்ன உடனே ஏன் மூடல?" என்றார் அதிகாரி.

"வழக்கம்போலச் சும்மா சந்தேகப்படறாருன்னு நெனச்சேன் மேடம்."

அவர் எழுதிக்கொண்டார். பிறகு மச்சான் பக்கம் திரும்பினார்.

"ஓடற கப்பலையே சந்தேகப்படறீங்க. மேற்குக் கேட் இறங்கிச்சான்னு பாக்காம, மூடியாச்சுன்னு முன்கூட்டியே எப்படி எழுதினீங்க? பதினொரு வருஷத்துல ஒரு நாள்கூட அந்தச் சந்தேகம் வரலையா?"

மச்சானுக்குக் கேள்வியே புரியாததுபோல் இருந்தது.

"அங்க இருந்தது எங்க வீட்டு மாப்ள மேடம்" என்றார்.