முந்நூறு காயம் கட்டியவர்

மலாயாவில், காப்பார் என்ற ஊரின் ரப்பர் தோட்டத்தில் வேலாயுதத்துக்கு ஒரே வேலைதான். பால் வெட்டும் கத்தி ஆழமாகப் பட்ட மரப்பட்டைகளுக்குத் தார் பூச வேண்டும். வாய் ஓயாத மனிதர். நாள் முழுக்க மரங்களோடு பேசிப் பேசி அலுத்துப்போய், 1916இல் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் கிள்ளான் பட்டணத்துக்கு நடந்தே போய்விட்டார்.

பெயர் எழுதியவர் யாழ்ப்பாணத்துக் கிராணி கார்த்திகேசு. “என்ன வேலை செய்தனீர்?”

“காயத்துக்கு மருந்து போடுவேன் ஐயா.”

“நாளைக்கு எத்தினை காயம்?”

“முந்நூறுக்குக் குறையாது.”

கிராணியின் பேனா நின்றது. “ஒருத்தரும் கத்திறேல்லையோ?”

“இதுவரைக்கும் ஒரு சத்தம் வந்ததில்லைங்க.”

இப்படித்தான் அவர் மெசபடோமியாவில், பாஸ்ராவில் இருந்த பட்டாளத்து ஆஸ்பத்திரிக்குக் காயம் கட்டும் டிரஸ்ஸராகப் போய்ச் சேர்ந்தார்.

முதல் நாள், காலில் குண்டடிபட்ட பஞ்சாபிச் சிப்பாய் ஒருவரைக் காட்டிக் கட்டுப்போடச் சொன்னார் பெரிய டிரஸ்ஸர் இராமலிங்கம், மதராஸ்காரர். வேலாயுதம் சுற்றுமுற்றும் பார்த்தார்.

“அண்ணே, தார் டின்னு எங்க?”

“தாரா? இதுக்கு முன்னாடி யாருக்குய்யா மருந்து போட்டே?”

“ரப்பர் மரத்துக்கு.”

இராமலிங்கம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். விஷயம் புரியாத சிப்பாயும் கூடச் சிரித்தார். ஆனால் வார்டில் நாற்பது பேர் கிடந்தார்கள். திருப்பி அனுப்பினால் வேறு ஆள் வராது.

“பெரிய டாக்டர்கிட்ட மட்டும் மரம் கிரம்னு வாயத் தொறந்துடாதே” என்றார்.

சீழைப் பார்த்து வேலாயுதம் இரண்டு வாரம் வாந்தி எடுத்தார். மூன்றாம் வாரம் கை பழகிவிட்டது. ஒட்டிய கட்டைப் பிரிக்க அவருக்கென்று ஒரு வழி இருந்தது: “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று எண்ணத் தொடங்கி, ‘ரெண்டு’க்கே இழுத்துவிடுவார். சிப்பாய்கள் முதலில் ஏமாந்தார்கள். பிறகு ‘ஒண்ணு’ என்றதுமே வார்டு முழுக்கக் கத்தியது. ஒருநாள் காய்ச்சலில் செத்துக்கொண்டிருந்த ஒரு சிப்பாய் அவர் கையை விடவேயில்லை. அன்று மட்டும் வேலாயுதம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

1919இல் கிள்ளான் திரும்பி, ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸரானார், மாரியாயி என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டார். இராமலிங்கம் கொடுத்தனுப்பிய நற்சாட்சிக் கடிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி, அவளுக்குப் படித்துக் காட்டினார்: “கை சுத்தம். நெஞ்சில் ஈரம் உண்டு. பேச்சு அதிகம்.”

“மொத ரெண்டும் எனக்குத் தெரியாது. மூணாவது சத்தியம்” என்றாள் மாரியாயி.