நடுவில் உட்கார்ந்த மத்தியானம்

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. நான் கதை கட்டவில்லை. இது என் தங்கச்சி வீட்டுக்காரருக்கு நடந்தது. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அவர் மாப்பிள்ளைதான். மாப்பிள்ளை பொய்யே பேசாதவர் என்று சத்தியம் செய்ய மாட்டேன். "இதோ, பாதி வழி வந்துட்டேன்" என்று போனில் சொல்லிக்கொண்டே கட்டிலில் புரண்டு படுப்பார். ஆனால் இதை என்னிடம் சொன்னபோது டம்ளர் தண்ணீரில் பாதி அவர் சட்டையில்தான் கொட்டியது.

பெரிய ஸ்பீக்கர் வைத்திருக்கும் வீடுகளுக்குப் போய், அதற்குத் தோதான ஆம்ப்ளிஃபயரைப் பார்த்து மாட்டிக் கொடுப்பது அவர் தொழில். சில ஸ்பீக்கர்கள் சாது. எதை மாட்டினாலும் பாடும். சில, கரண்டைக் குடிக்கிற ஜாதி. பின்னால் மின்தடை எட்டு ஓம் என்று சமர்த்தாக எழுதியிருக்கும். டிரம் அடிக்கிற இடத்தில் அந்தத் தடை இரண்டு ஓமுக்கு இறங்கிவிடும். அந்த நொடியில் ஆம்ப் கரண்டை அள்ளிக் கொட்ட வேண்டும். முடியாவிட்டால் ‘டக்’கென்று தன்னையே அணைத்துக்கொள்ளும்.

மருந்துக்கடைக்காரர் ஒருவர் அந்த ஜாதியில் ஒரு ஜோடியைப் பழசாக வாங்கி வைத்திருந்தார். ஆள் உயரம். மூன்று ஆம்ப் மாற்றியாயிற்று. மூன்றும் டக். நான்காவதைத் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளை ஒரு மத்தியானம் போனார். முப்பது கிலோ, நாலு மாடி, லிஃப்ட் ரிப்பேர். மேலே போய்ச் சேர்ந்தபோது, இந்தப் பிழைப்பே வேண்டாம் என்றிருந்ததாம்.

அவரை அரித்துக்கொண்டிருந்தது இடுப்புவலி மட்டும் இல்லை. காது. இந்தத் தொழிலில் மீட்டர் பாதி, காது பாதி. ரெண்டு ஸ்பீக்கரும் சரியாக இருந்து, நீங்கள் நேர் நடுவில் உட்கார்ந்தால், பாடுகிறவர் ரெண்டுக்கும் மத்தியில், ஒன்றுமே இல்லாத இடத்தில் நின்று பாடுவார். கொஞ்ச நாளாக மாப்பிள்ளைக்கு, பாடுகிறவர் எந்த வீட்டிலும் வலது பக்கமே நின்றார். ரூம் சரியில்லை, சுவர் சரியில்லை என்று சமாளித்தார். தங்கச்சி இடது பக்கத்திலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டார் என்பது எங்களுக்கெல்லாம் தெரியும். இன்றைக்கும் குரல் நடுவில் நிற்கவில்லை என்றால் தொழிலை விட்டுவிடுவது என்று படி ஏறும்போதே முடிவு செய்திருந்தார். வேறு தொழில் எதுவும் தெரியாத மனுஷன்.

ஒயர் மாட்டும்போதுதான் ஒன்றைக் கவனித்தார். மருந்துக்கடைக்காரர் சோபாவின் வலது ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். போன மூன்று தடவையும் அதே இடம்.

"சார், நடுவுல உக்காந்தாதானே இதோட அருமை தெரியும்?"

"இங்கயே பழகிடுச்சு."

ஆசை ஆசையாக இவ்வளவு பெரிய ஸ்பீக்கரை வாங்கிவிட்டு ஓரத்தில் உட்காருகிறவரை என்ன சொல்வது? மாப்பிள்ளை மிச்ச ஒயரை மாட்டினார். கொஞ்ச நேரத்தில் கடையிலிருந்து போன் வந்து மருந்துக்கடைக்காரர் கீழே இறங்கிப் போனார்.

மாப்பிள்ளை பாட்டைப் போட்டுவிட்டு, நேர் நடுவில் போய் உட்கார்ந்தார். டிரம் இறங்கியது. டக் இல்லை. ஆம்ப் அசையாமல் நின்றது. அப்புறம் ஒரு பெண் குரல்.

நடுவில். அச்சு அசலாக நடுவில்.

அவள் மூச்சை இழுப்பதுகூடக் கேட்டது. மாப்பிள்ளை அழுதுவிட்டார். காது போகவில்லை! அத்தனை நாள் பயமும் அந்தச் சோபாவிலேயே இறங்கிப்போனது. கண்ணை மூடி அப்படியே சாய்ந்துகொண்டார்.

அப்போது இடது காதோரம், மெதுவாக, யாரோ சொன்னார்கள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்களேன்..."

மரியாதையான குரல். ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. அசதியில் யோசிக்கவே இல்லை, பஸ்ஸில் இடம் விடுகிற மாதிரி மாப்பிள்ளை வலது பக்கம் நகர்ந்துகொண்டார்.

நகர்ந்த பிறகுதான் உறைத்தது. வீட்டில் யாரும் இல்லை.

கண்ணைத் திறந்தார். இடது பக்கம் காலி. ஆனால் மெத்தை... அமுங்கியிருந்தது.

இன்னொன்றும் சரியில்லை. நகர்ந்தால் குரலும் கூடவே சரிய வேண்டும். சரியவில்லை. இன்னும் அதே நடுவில்.

ரிமோட்டை அழுத்தினார். பாட்டு நின்றது.

மூச்சு நிற்கவில்லை.

ஹ்ஹ்ம்ம்... ஹ்ஹ்ம்ம்...

எழுந்து ஓடி ஆம்பை அணைத்தார். ரெண்டு ஸ்பீக்கரிலிருந்தும் ஒயரைப் பிடுங்கினார். மூச்சு சன்னமானது. நின்றுவிட்டதா என்று தெரியவில்லை. தன் காதை நம்பவே அவருக்குப் பயம்.

எனவே மீட்டரை எடுத்தார். முள் வைத்த பழைய மீட்டர். இடது ஸ்பீக்கரின் பின்னால் மாட்டினார். சும்மா நிற்கிற ஸ்பீக்கரில் கரண்ட் வராது. யாராவது அதன் முன்னால் வாயை வைத்து ஊதினால் ஒழிய.

முள் அசையவில்லை.

அப்பாடா...

சோபாவில் மெத்தை மெல்ல எழும்பியது.

யாரோ எழுந்த மாதிரி.

தரையில் பெயர்ந்த டைல் ஒன்று ‘கடக்’ என்றது. அப்புறம் இன்னொன்று. பக்கத்தில்.

முள் துடித்தது.

மேலே... கீழே...

மேலே... கீழே...

மாப்பிள்ளை மீட்டரைப் போட்டுவிட்டுக் கதவுக்கு ஓடினார். வாசலில் மருந்துக்கடைக்காரர். இவர் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"நடுவுல உக்காந்தீங்களா?"

"தள்ளி உக்காரச் சொல்லிச்சு சார்..."

அவர் இவரையே பார்த்தார்.

"சொல்லிச்சா? எங்களுக்குப் பக்கத்துல ஆள் வந்து உக்கார்ற மாதிரி மட்டும்தான் இருக்கும். குரல் கேட்டதே இல்லயே."

மாப்பிள்ளை பையைக்கூட எடுக்காமல் இறங்கி வந்துவிட்டார். மறுநாள் நான்தான் போய் எடுத்து வந்தேன். அந்த வீட்டில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சோபாவில் உட்காரச் சொன்னார்கள், நின்றுகொண்டே காப்பி குடித்தேன்.

அந்த வாரமே தங்கச்சி அவரை விடாப்பிடியாகக் காது டாக்டரிடம் இழுத்துப்போனாள். நானும் கூடப் போனேன். கண்ணாடி அறையில் உட்காரவைத்து, ஒவ்வொரு காதாகச் சோதித்தார்கள். மாப்பிள்ளை தைரியமாகத்தான் உட்கார்ந்தார். நடுவில் நின்ற குரலைக் கேட்டவராயிற்றே.

டாக்டர் அம்மா ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வலது பரவாயில்ல. இடது காது உள்ளுக்குள்ள மொத்தமா போயிடுச்சு. இது இப்ப ஆனது இல்ல. பல மாசம் இருக்கும்."

"நாலு நாள் முன்னாடி எனக்கு ரெண்டு காதும் நல்லா கேட்டுச்சு டாக்டர். குரல் நடுவுல நின்னுச்சு."

"வாய்ப்பே இல்லீங்க. நடுவுன்னு தெரியணும்னா ரெண்டு காது வேணும். உங்க இடது காதுக்கிட்ட வெடி வெடிச்சாலும் அந்தக் காதுக்குக் கேக்காது."

மாப்பிள்ளையின் கை இடது காதுக்குப் போனது, தள்ளி உட்காரச் சொன்ன குரல் கேட்ட காது. தங்கச்சி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் அவரைத் தேற்றுவதாக நினைத்து, ஆபரேஷன் செய்து காதுக்குள் ஒரு மிஷின் வைக்கலாம், ஓரளவு திரும்பக் கேட்கும், தொழிலை விட வேண்டியதில்லை என்றார்.

காதுக்காக உயிரையே கொடுக்கிற மனுஷன் அவர். தலையை வேகமாக ஆட்டினார்.

"வேண்டாம் டாக்டர். அந்தப் பக்கம் இனிமே எனக்கு எதுவுமே கேக்க வேண்டாம்."